நடு மேசை

அன்ரி ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனால் கதவடியில் நிற்கமாட்டா. எங்கள் ஆட்கள் எல்லாரும் நிற்பார்கள். என் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது கண்டு கூப்பிடும்வரை நிற்பார். அன்ரி கைப்பையை முழங்கையில் கொழுவிக்கொண்டு, கம்பளிக் கோட்டுக்கு வெளியே சேலைத் தலைப்பை ஒருதரம் இழுத்துவிட்டு, நேரே கூடத்தின் நடுவுக்குப் போவா. அங்கே நின்று நாலு பக்கமும் பார்ப்பா. பிறகு ஒரு கதிரையை இழுப்பா.

யாராவது மூலை மேசையைக் காட்டினால் சிரிப்பா. "இதுவே நல்லாயிருக்கு, நன்றி" என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்லி, நடு மேசையில் கையை வைப்பா. எங்கள் பக்கம் திரும்பினால் தமிழ் வரும்.

"மூலையிலை சாத்தி வைக்க நாங்கள் என்ன விளக்குமாறோ? இருங்கோ."

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் யாரா ஆற்றுக்குக் கிட்ட ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வரைபடம் கீறுகிற வேலை. எனக்குப் பத்து வயது. எங்கள் தெருக்களுக்கு மேலே பியர் தொழிற்சாலையின் புகைபோக்கி நிற்கும். காற்று எங்கள் பக்கம் அடித்தால் ஊர் முழுக்க அவித்த பார்லி மணக்கும், கஞ்சி அடிப்பிடித்ததுபோல. அம்மா ஓடி ஓடி யன்னல்களைச் சாத்துவா. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் பிறந்தவவுக்கு அந்த மணத்தை வீட்டுக்குள் விடுவதே பாவம்போல.

தொழிற்சாலை மதிலோடு ஒட்டி ஒரு பப் இருந்தது. ஒரு பக்கம் ஆண்கள் நின்று குடிக்கிற பார். மற்றப் பக்கம் சிவப்புக் கம்பளம் விரித்த லவுஞ்ச். அங்கே குடும்பங்கள் இருந்து சாப்பிடும். வாசலில் 'கவுன்ரர் ரீ' என்று பலகை தொங்கியது. இந்த நாட்டில் இரவுச் சாப்பாட்டுக்கும் ரீ என்று பெயர் என்பது எங்களுக்குத் தெரியாது. "தேத்தண்ணி மட்டும்தான் விக்கிறாங்கள் போலை" என்று அப்பா சொன்னார். அதை நம்பி நாங்கள் பல மாதம் அந்தக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். தேத்தண்ணி வீட்டிலேயே இருந்ததே.

எங்களுக்கு வெளியில் சாப்பாடு என்றால் வெள்ளிக்கிழமை காருக்குள் உருளைக்கிழங்குச் சிப்ஸ். அப்பா மீன் பொரிக்கிற கடையில் வாங்கி வருவார். மீன் பொரிக்காத எண்ணெயில்தான் பொரித்தது என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்வார். காரை எங்காவது ஓரமாக நிறுத்தி, கடதாசியை மடியில் விரித்துச் சாப்பிடுவோம். கடைக்குள் இரண்டு மேசை கிடந்தது. ஆனால் அங்கே இருக்கலாம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அப்படி ஒரு மழை நாளில் பப்பின் மதிலோரம் காரை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா ஒரு சின்னப் போத்தலில் தேசிக்காய் ஊறுகாய் கொண்டு வந்திருந்தா. எங்கள் மூச்சில் கண்ணாடி புகார் பிடித்து மங்குகிறது என்று அப்பா கொஞ்சம் இறக்கி வைத்திருந்தார். அந்த இடைவெளியில் ஒரு குடையும், குடைக்குக் கீழே ஒரு பொட்டும் தெரிந்தன.

"தேசிக்காய் ஊறுகாய்தானே?" என்றது குரல்.

அப்பா திடுக்கிட்டு, "ஓ... ஓம்" என்றார்.

"ரோட்டிலை போறவளுக்கே வாய் ஊறுது. ஏன் காருக்குள்ளை இருந்து சாப்பிடுறியள்? கார் பழுதோ?"

"இல்லை. சும்மாதான்."

"சும்மா ஏன் நனைஞ்ச கோழியள் மாதிரி ஒடுங்கிக்கொண்டு? உள்ளுக்குக் கதிரை கிடக்குது. இறங்குங்கோ."

அம்மா அப்பாவின் காதுக்குள், "அது பியர்க் கடையப்பா" என்றா. குடைக்குக் கேட்டுவிட்டது.

"பியர் அந்தப் பக்கம், தங்கச்சி. சாப்பாடு இந்தப் பக்கம். ரெண்டுக்கும் நடுவிலை சுவர் இருக்கு. நான் இருக்கிறன், வாங்கோ."

அப்படித்தான் அன்ரி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தா. சரியாகச் சொன்னால், நாங்கள் அவவுக்குப் பின்னால் போனோம்.

உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசைகளில் வெள்ளைக்காரக் குடும்பங்கள், பகல் வேலை முடிந்து வந்த கிரேக்கக் குடும்பங்கள், உயரக் கதிரையில் ஒரு குழந்தை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையை நோகப் பிடித்தா. பரிமாறுகிற மேவிஸ் என்ற மெலிந்த மனுசி எங்களைக் குசினிக் கதவுக்குப் பக்கத்து மூலைக்குக் கூட்டிப் போகத் திரும்பினா. அன்ரியைக் கண்டதும், "ஓ, நீங்களா?" என்று தானே சிரித்து நடு மேசைக்கு வழி விட்டா. பழகிய சண்டை போலிருந்தது.

மெனுவில் அம்மா சாப்பிடக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. மாடு, ஆடு, கோழி, மீன், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முட்டை. அம்மாவின் முகம் தொங்கியது. அன்ரி மேவிஸைக் கூப்பிட்டுச் சொன்னா.

"இவவின்ரை தட்டிலை மிருகத்தைத் தவிர மிச்சம் எல்லாம் போடச் சொல்லுங்கோ."

மேவிஸ் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனா. கொஞ்ச நேரத்தில் சமையற்காரி தானே வெளியில் வந்தா. பெரிய உடம்பு, கையில் மாவு. அம்மாவைப் பார்த்து, பால் சாப்பிடுவாவா, வெண்ணெய் சாப்பிடுவாவா என்று கேட்டா. அன்ரி மொழிபெயர்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அம்மா மெல்ல, "யெஸ். மில்க், யெஸ்" என்றா. அந்த நாட்டில் அம்மா ஒரு வெள்ளைக்காரியிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை என்று நினைக்கிறேன்.

வந்த தட்டு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வெண்ணெய் உருகி வழிகிற உருளைக்கிழங்கு, பூக்கோவாவுக்கு மேலே பொரிந்த சீஸ், பட்டாணி, பீற்றூட் துண்டுகள், நடுவில் ஒரு அன்னாசி வட்டம். அம்மா முள்ளுக்கரண்டியால் பட்டாணியைத் துரத்தினா. அது ஓடியது. அன்ரி தன் தட்டிலிருந்த பட்டாணியைத் தேக்கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "ஓடுறதை ஏன் குத்துவான்? அள்ளுங்கோ" என்றா. அம்மா அள்ளினா.

அன்ரி எங்களுக்கு ஏழெட்டு வருசம் முந்தி வந்தவ. கொழும்பில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவ. கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. வேலை அந்தப் பியர் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில். ஒவ்வொரு தொட்டியிலும் இருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பது, மணந்து பார்ப்பது, வாயில் விட்டுச் சுவை பார்த்துத் துப்புவது. துப்புவதற்கென்று ஒரு வாளி இருக்கும் என்று சொல்லுவா.

இது தெரிந்த அடுத்த வெள்ளியே அம்மா அன்ரியின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டா.

"அக்கா, நீங்கள் குடிப்பியளோ?"

அன்ரி கோபிக்கவில்லை. தன் முன்னால் இருந்த லெமன் ஸ்குவாஷை ஒரு மிடறு குடித்தா.

"நாக்கு கம்பனிக்கு. தொண்டை எனக்கு."

அந்த வசனம் எங்கள் வீட்டில் பழமொழியாகிப் போனது. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. அப்போது மெல்பேர்னில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் மிகக் கொஞ்சம். பொங்கலுக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். அப்படி ஒரு பொங்கலில், கணக்காளராக இருந்த ஓர் அங்கிள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பியர் காய்ச்சிற இடத்திலை வேலை செய்யிறது காணாதெண்டு, இப்ப குடும்பங்களையும் பியர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு திரியிறாவாம்."

அன்ரி வடைத் தட்டைக் கீழே வைத்தா. கையைத் துடைத்தா.

"ஓம் அண்ணை. அங்கைதான் வேலை. நான் பாத்துச் சரியெண்டு சொல்லாமல் அந்தத் தொழிற்சாலையிலை இருந்து ஒரு போத்தல் வெளியிலை போகாது. இந்த ஊர் ஆம்பிளையள் எல்லாரும் என்ரை சொல்லைக் குடிக்கினம்." கொஞ்சம் நிறுத்தினா. "நீங்களும் வெள்ளிக்கிழமை வாங்கோ. வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆட்டிறைச்சி றோஸ்ற் நல்லாயிருக்கும்."

அவருடைய மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் தலைப்பால் வாயை மூடினா. நான் அன்று அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தேன். இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து இருந்தேன். இவ என்னோடு வந்தவ என்று எல்லாரும் பார்க்க வேண்டும் போலிருந்தது.

எப்போதும் அப்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். சிலவேளை அவவோடு போனால் மேசைக்கடியில் ஒளியலாம் போலிருக்கும். சூப் ஆறியிருந்தால் திருப்பி அனுப்புவா. கரண்டியில் கறை இருந்தால் வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டுவா. ஒருநாள் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பக்கத்து மேசையில் இருந்தாள். அன்ரி தன் கோழிப் பொரியலை மேவிஸிடம் நீட்டி, "இது உள்ளுக்கு இன்னும் கூவுது" என்று சொன்னா. எனக்குக் காது சூடாகியது. திங்கட்கிழமை அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "உங்கள் அன்ரி ராணி மாதிரி" என்றாள். கேலியோ பாராட்டோ என்று தெரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சைனீஸ் கடைக்கு அந்த நாளில் வீட்டுச் சட்டியைக் கொண்டுபோய் வாங்கி வருகிற வழக்கம் இருந்தது. அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. உள்ளே இருக்கத் தேவையில்லையே. ஒருநாள் சோற்றுச் சட்டியோடு அவர் வரிசையில் நிற்க, பின்னால் அன்ரி வந்தா.

"சட்டியைக் காலடியிலை வையுங்கோ. முதல் இருந்து சாப்பிடுவம். மிஞ்சினால் சட்டிக்கு."

மிஞ்சவில்லை. அப்பா வெறுஞ்சட்டியோடு வீடு திரும்பினார், முகம் முழுக்கச் சிரிப்பாக.

இத்தாலியன் கடைக் கதைதான் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. அங்கே குடிவகை விற்க அனுமதி இல்லை. அவரவர் தங்கள் போத்தலைக் கொண்டு வரலாம் என்று யன்னலில் எழுதியிருந்தது. அன்ரி அதை வாசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னா.

"போத்தல் கொண்டு வரலாம் எண்டுதான் எழுதியிருக்கு. என்ன போத்தல் எண்டு எழுதேல்லை."

அடுத்தமுறை அம்மா ஒரு போத்தல் மோர் கொண்டு போனா. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டது. கடைக்கார இத்தாலியர் வெள்ளைத் துவாயை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்து போத்தலைப் பார்த்தார். மூடியைத் திறந்து மணந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உயர்ந்த கண்ணாடிக் கிண்ணங்களில் முதலில் அம்மாவுக்குக் கொஞ்சமாக ஊற்றி, சரியா என்று கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து நின்றார். அம்மா குடித்துப் பார்த்து, "குட்" என்றா. மேசை முழுக்கச் சிரிப்பு. மனுசன் தனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இரண்டு வருசத்தில் வெள்ளிக்கிழமை லவுஞ்சில் தமிழ்ச் சத்தம் கேட்கத் தொடங்கியது. புதிதாக வந்த குடும்பங்களை அன்ரி தேடிப் பிடிப்பா. கணக்காளர் அங்கிளும் வரத் தொடங்கினார். முதல் நாள் வெளியில் காரிலேயே கனநேரம் இருந்தார் என்று பிறகு அவருடைய மனைவி சொன்னா.

அப்போதுதான் பப்பின் பழைய சொந்தக்காரர் வயதாகி ஒதுங்க, புது மனேஜர் ஒருவர் வந்தார். இளவயது, கழுத்துப்பட்டி, வழவழவென்று சீவிய தலை. முதல் ஒன்றிரண்டு வெள்ளி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு வெள்ளி, நாங்களும் கணக்காளர் குடும்பமும், வந்து கொஞ்ச நாளான இன்னொரு இளஞ்சோடியுமாக உள்ளே போனபோது, வாசலிலேயே மறித்தார்.

"இன்றைக்கு இடமில்லை."

அவருக்குப் பின்னால் அரைவாசி மேசை வெறுமையாகக் கிடந்தது. அன்ரி எட்டிப் பார்த்தா.

"அது என்ன, அந்த மேசை?"

"அது முன்கூட்டியே சொல்லி வைத்தது."

சொல்லிக்கொண்டே போய், எங்கள் கண் முன்னால், கவுன்ரருக்குக் கீழே இருந்து 'ஒதுக்கப்பட்டது' என்ற சின்னப் பலகையை எடுத்து நடு மேசையில் வைத்தார்.

"ஆருக்கு ஒதுக்கினது?" என்று அன்ரி கேட்டா.

"அது எங்கள் விசயம்."

அன்ரி மேசையடிக்குப் போனா. கதிரையை இழுத்தா. இருந்தா. கைப்பையை மடியில் வைத்தா.

"அந்த ஆக்கள் வந்த உடனை நான் எழும்புறன்."

நாங்களும் ஒருவர் பின் ஒருவராக இருந்தோம். கணக்காளர் அங்கிள் மட்டும் நின்றார். "ஏன் வீண் பிரச்சினை, போவம் வாரும்" என்று மனைவியைப் பார்த்தார். அவ மெனுவை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டா. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதிரையின் நுனியில் இருந்தார்.

மனேஜர் மேவிஸிடம் ஏதோ சொன்னார். மேவிஸ் எங்கள் பக்கம் வரவில்லை. மற்ற மேசைகளுக்குத் தட்டுகள் போயின. இறைச்சி வாட்டுகிற மணம் வந்தது. எங்களைப் பார்க்காததுபோல எல்லாரும் சாப்பிட்டார்கள்.

பார்ப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்து, சிவந்த தாடி வைத்த ஒரு பெரிய மனுசன் எட்டிப் பார்த்தான். தொழிற்சாலையில் போத்தல் நிரப்புகிற பகுதிக்கு மேற்பார்வை. அன்ரியைத் தெரியும். என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டது போலும்.

"நாங்கள் எல்லோரும் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு வெளியே போகட்டுமா? ஒரு சொல் சொன்னால் போதும்" என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் வேலை உடுப்போடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அந்த நாளில் அவர்கள் வெளியே போனால் அந்தக் கடை ஒரு கிழமைக்குப் படுத்துவிடும். மனேஜரின் முகம் வெளிறியது.

அன்ரி தலையை ஆட்டினா. "வேண்டாம். நீங்கள் குடியுங்கோ. நான் சண்டைக்கு வரேல்லை. பசிக்கு வந்தனான்."

தாடிக்காரன் போகவில்லை. கதவைத் திறந்தபடி விட்டு அங்கேயே நின்றான். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. மேவிஸ் வேறு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தா. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தா.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மா.

"மேவிஸ்!"

கடைக்குள் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மேவிஸ் நிமிர்ந்தா.

"வன் பிளேட். நோ மீட். லைக் எவ்ரி ஃபிரைடே, பிளீஸ்." பிறகு மூச்சு எடுத்து, அன்ரியைக் காட்டி, "மை சிஸ்டர், றோஸ்ற் லாம்" என்றா.

அம்மா உச்சரித்த அந்த ஆட்டிறைச்சிதான் அவ வாழ்க்கையில் சொன்ன முதல் இறைச்சிப் பெயராக இருக்கும்.

மேவிஸ் மனேஜரைப் பார்த்தா. அவர் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. மேவிஸுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று யோசித்திருப்பா. துணியைத் தோளில் போட்டா. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து, அந்தப் பலகையைத் தூக்கித் தன் பொக்கற்றுக்குள் வைத்தா.

"உருளைக்கிழங்குக்கு வெண்ணெய் கூடுதலாக, இல்லையா, அன்பே?" என்று அம்மாவிடம் கேட்டா.

"யெஸ்" என்றா அம்மா. "எக்ஸ்ட்ரா."

மனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சிவந்த தாடி சிரித்துக்கொண்டு தன் கதவைச் சாத்தியது. சாப்பாட்டைச் சமையற்காரி தானே தூக்கிக்கொண்டு வந்தா. கணக்காளர் அங்கிள்தான் முதலில் சாப்பிட்டு முடித்து, இன்னொரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார்.

அன்ரி மட்டும் சாப்பிடவில்லை. கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எடுத்தா. கத்தி தட்டில் பட்டு மணி மாதிரிக் கிணுகிணுத்தது. அன்ரிக்கும் பயம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா மேசைக்கு மேலால் கையை நீட்டி, கத்தி பிடித்த அவவின் கையைப் பிடித்துக்கொண்டா. பிறகு அன்ரியின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக வெட்டினா. மச்ச மாமிசம் தொடாத என் அம்மா. முகத்தைக் கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒழுங்காக வெட்டி, திருப்பித் தள்ளினா.

"சாப்பிடுங்கோ அக்கா. ஆறப்போகுது."

வெளியே காரடியில் நிற்கும்போது அம்மா கேட்டா. "உங்களுக்கு எப்பிடியக்கா இந்தத் துணிவு வந்தது?"

அன்ரி குடையை விரித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னா.

"வந்த முதல் வருசம் முழுக்க நான் தொழிற்சாலைப் படிக்கட்டிலை நிண்டுதான் மத்தியானம் சாப்பிட்டனான். கன்ரீனுக்குள்ளை இரு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இருக்காதை எண்டும் சொல்லேல்லை. ஒருநாள் கால் நொந்துது. போய் இருந்தன்."

"பிறகு?"

"ஒண்டும் நடக்கேல்லை. ஒருத்தன் உப்பை இஞ்சாலை தள்ளிவிட்டான். ஒரு வருசமா வீணாய் நிண்டிருக்கிறன் எண்டுதான் எனக்கு ஆத்திரம்."

மேவிஸின் வேலை போகவில்லை. அடுத்த வெள்ளி நாங்கள் போனபோது அந்தப் பலகை நடு மேசையில் இருந்தது. அதில் மேவிஸின் கையெழுத்தில் அன்ரியின் பெயர், பிழையான எழுத்துகளோடு. அன்ரி பார்த்துச் சந்தோசப்பட்டா என்பது தெரிந்தது. ஆனாலும் பலகையை எடுத்துக் கவிழ்த்து வைத்தா. "வாற ஆக்கள் இருக்கட்டும்" என்று பக்கத்து மேசைக்குப் போனா. மனேஜர் தூரத்தில் நின்று தலையை அசைத்தார். அன்ரியும் அசைத்தா. அதற்கு மேல் அவர்களுக்கிடையில் ஒன்றும் இருக்கவில்லை. அந்த மனேஜர் வருசம் முடியுமுன் வேறெங்கோ போய்விட்டார்.

நாங்கள் கிளென் வேவர்லியில் சொந்த வீடு வாங்கிப் போன வருசம், கம்பனி அன்ரியைச் சிட்னிக்கு அனுப்பியது. இங்கே பலருக்குக் கீழே வேலை செய்தவ, அங்கே பரிசோதனைக் கூடம் முழுக்கத் தன் பொறுப்பில் நடத்தப்போகிறா. அதற்கு முன் அந்தக் கதிரையில் ஒரு பெண் இருந்ததில்லை. எங்களுக்கு இதைச் சொன்னது அன்ரி இல்லை. சிவந்த தாடிக்காரன்தான் லவுஞ்சுக்குள் வந்து, எங்கள் மேசையில் கையை ஊன்றி, தன் சொந்தத் தங்கைக்கு நடந்ததுபோலச் சொன்னான்.

வழியனுப்பக் காலையில் ஸ்ரேசனுக்குப் போனோம். பகல் ரயில். அன்ரி பெட்டியைத் தன் இடத்தில் வைத்த கையோடு மறைந்துவிட்டா. யன்னல் யன்னலாகத் தேடிக்கொண்டு போனோம். சாப்பாட்டுப் பெட்டியில், வெள்ளைத் துணி விரித்த மேசையில், நாப்கினை மடியில் போட்டுக்கொண்டு இருந்தா. எங்களைக் கண்டு கண்ணாடிக்கு அப்பால் ஏதோ சொன்னா. கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டு கையைக் காட்டினா.

விசில் ஊதியது. ரயில் அசைந்தது. சரியாக அந்த நேரம் பரிமாறுகிறவர் வந்து அன்ரியின் பக்கத்தில் நின்றார். அன்ரி எங்களைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, பிறகு மெனுவில் விரலை வைத்து ஏதோ விளக்கத் தொடங்கினா. கையசைக்க அவவுக்கு நேரம் கிடைக்கவில்லை. பெட்டி எங்களைத் தாண்டிப் போகும்போதும் சொல்லிக்கொண்டேதான் இருந்தா. அந்த மனுசன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அம்மா கண்ணைத் துடைத்தா. அழுகைக்குள் சிரிப்பும் வந்தது.

"வெண்ணெய் கூடப் போடச் சொல்லுறா போலை" என்றா.

மேடை வெறுமையானது. அப்பா கார்த் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, வீட்டை போவம்" என்றார்.

அம்மா அசையவில்லை. எங்கே போவதென்றாலும் விடியப்புறம் எழும்பிச் சோறும் கறியும் ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் அம்மா வெளிக்கிடுவா. கலியாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். சேலைத் தலைப்பை ஒருதரம் இழுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தா.

"வீட்டிலை ஒண்டும் சமைச்சு வைக்கேல்லை" என்றா.